பில்லின் கடைசி வரி

ஏப்ரல் 10, திங்கள்

இன்று ஒரு பில் போட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் வணிகவியல் வகுப்பில் பில் என்றால் என்னவென்று பாடம் நடத்தியிருக்கிறேன். அடுத்தவர் கையில் கொடுக்கும்படியான நிஜ பில் ஒன்றைப் போட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் என் வீட்டுக்காரர் உடலை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டியின் வாடகைக்கு.

இவர் போன மாதம் காலமானார். அசாமில் இருக்கும் இவர் தம்பி வந்து சேரும்வரை ஹாலில் பெட்டியில் வைத்திருந்தோம். மஸ்கட்டில் இருக்கும் மகள் பிரிசி வர முடியவில்லை. வயிற்றில் பிள்ளை, அப்போது பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் வேலை பார்த்த மில்லின் ஓய்வூதியர் சங்கத்தில் ஈமச்சடங்குக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் வரிசை எண் போட்ட, அச்சடித்த பில் வேண்டுமாம். பெட்டிக்காரர் மாசானமுத்து கொடுத்திருந்ததோ, தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாள்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்து வாசலிலேயே நின்றார்.

"நம்ம தொழில்ல யாரு டீச்சர் பில்லு கேக்கா? பெட்டிய எறக்கும்போது அழுவாவ. ஏத்தும்போது ரூவாயக் கையில திணிச்சிட்டு மூஞ்சத் திருப்பிக்கிடுவாவ. அந்நேரம் பில்லு நீட்டுனா செருப்பக் கழட்ட மாட்டாவளா?"

"நான் கேக்கிறேன்லா?" என்றேன்.

பிரிசி விட்டுப்போன லேப்டாப்பில் இலவசமாகப் பில் போடும் செயலி ஒன்று கிடைத்தது. நல்ல பில் என்பது வாசலுக்கு வந்த விருந்தாளி மாதிரி. நான் யார், யாரைப் பார்க்க வந்தேன், எதற்காக வந்தேன் என்று கேட்காமலே சொல்லிவிட வேண்டும். வகுப்பில் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். மேலே மாசானத்தின் கடைப் பெயர், நடுவில் கட்டம், வலது மூலையில் எண் 001. அடியில் ஒரு வரி தானாகவே வந்து உட்கார்ந்தது. மொத்தத்தில் பார்க்க லட்சணமாக இருந்தது.

மாசானம் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "கல்யாண மண்டபத்துக்காரன்கூட இப்படிப் பில்லு குடுக்க மாட்டான் டீச்சர். இனி எல்லாத்துக்கும் நீங்களே போட்டுத் தாங்க."

ஏப்ரல் 18, செவ்வாய்

இரண்டு பில் போட்டேன். 002 ஓய்வுபெற்ற தாசில்தார் சங்கரபாண்டியனுக்கு, மனைவி இறந்த வகையில். பால் வாங்கினாலும் ரசீது கேட்கிற மனுஷனாம். 003 பேச்சித்தாய் என்ற பெண்ணுக்கு. அவள் புருஷன் லாரி டிரைவர், குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்துப்போனான். லாரி முதலாளி செலவை ஏற்றுக்கொண்டு பில் கேட்டிருக்கிறார். கூலியாக மாசானம் ஒரு குலை நுங்கு கொண்டுவந்தார்.

பிரிசி பேசினாள். மே கடைசியில் ஏழாம் மாதம் தொடங்குகிறது. அதற்கு மேல் போனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதற்குள் வந்துவிடுகிறாளாம். பிரசவம் இங்கேதான். "அப்பாவைத்தான் பாக்க முடியல. அப்பா இருந்த வீட்டுக்காவது வாரேன்மா" என்றாள். பாளையங்கோட்டை வெயிலில் கைக்குழந்தையை எப்படி வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதுதான் என் கவலை.

ஏப்ரல் 23, ஞாயிறு

மாவு புளிக்கவில்லை. நேற்று ஆட்டியது இன்று மாலையும் பச்சையாகவே இருக்கிறது. உறைக்கு ஊற்றிய பாலும் பாலாகவே கிடக்கிறது. உளுந்து பழசாக இருக்கலாம். கோயிலில் பாதிரியார் ஆறுதலாகப் பேசினார். வீட்டுக்கு வந்ததும்தான் நிம்மதியாக இருந்தது.

ஏப்ரல் 25, செவ்வாய்

அலமாரியில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கிறது. வெளியே வெயில் நூற்று நான்கு என்று செய்தியில் சொன்னார்கள்.

மே 1, திங்கள்

மாசானம் வந்தார். முகம் சரியில்லை. தாசில்தார் வீட்டு பில்லை மேசைமேல் வைத்து, அடியில் இருந்த வரியின் மேல் விரலை வைத்தார். அப்போதுதான் நானும் அதை வாசித்தேன்.

நன்றி! மீண்டும் வருக!

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் இன்னொரு தடவை வாசித்தேன்; சிரிப்பு நின்றது. மளிகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் செய்து வைத்திருக்கிற வரி அது. செயலி அதைத் தானாகப் போட்டிருக்கிறது. விடைத்தாளில் ஒரு கால் மதிப்பெண்ணை விட்டுவைக்காத நான், கடைசி வரியை வாசிக்காமல் அச்சடித்திருக்கிறேன்.

"தாசில்தாரு என்ன சொன்னாரு தெரியுமா? 'என்னவே, அடுத்தது யாரு, நானா?'ங்காரு. தெருவே பாக்கு."

"தப்புதான் மாசானம். மன்னிச்சுக்கிடுங்க."

"இருவது வருசமா பெட்டி தூக்குதேன். எழவு வீட்டுல 'வாரேன்'னு ஒரு வார்த்த சொன்னதில்ல. திரும்பிப் பாத்ததில்ல. நம்ம டிரைவரு அந்தத் தெரு தாண்டுத வரைக்கும் ஆரன் அடிக்க மாட்டான். நீங்க என்னடான்னா பத்திரிகையே வச்சிட்டீய."

அவர் சொல்வது சரி. துக்க வீட்டிலிருந்து எழுந்தால் பேசாமல் நடக்க வேண்டும். எந்த மதத்துக்காரர்களானாலும் எங்கள் பக்கம் அப்படித்தான். வரியை அழித்தேன். இடம் காலியாக இருந்தால் செயலி மறுபடியும் அதையே கொண்டுவந்து போடுகிறது. கடைசியில் 'தொகை பெறப்பட்டது' என்று எழுதிய பிறகுதான் சும்மா இருந்தது. 004 முதல் எல்லாம் இப்படித்தான் போகும்.

போகும்போது மாசானம் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தார். "ஏசி போட்டிருக்கீயளா டீச்சர்?"

"இல்லையே. ஏன்?"

கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மே 4, வியாழன்

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. மாசானம் காலையிலேயே வந்துவிட்டார். தாசில்தார் கூப்பிட்டனுப்பினாராம், பெட்டியை இன்னும் எடுக்கவில்லையா என்று கேட்டாராம்.

"பெட்டி நம்ம ஷெட்டுல நிக்கி. ஆனா அவரு வீட்டுக்குள்ள போனா பெட்டிய வச்சிருந்த எடத்துல கால் வைக்க முடியல டீச்சர். மூடியத் தொறந்தா ஒரு காத்து வருமில்லா, அந்தக் காத்து. தரையில பெட்டி நீளத்துக்கு ஈரம். அவரு நாக்காலியப் போட்டு எதுக்கால உக்காந்துகிட்டு, 'நீதானவே வரச்சொல்லி எழுதிக் குடுத்த'ங்காரு."

"வயசானவரு. மனைவி போன துக்கம்."

"துக்கத்துக்கு அவரு வீட்டு எண்ணெ உறையுமா டீச்சர்?"

வெயிலில் அலைகிறவர்களுக்கு நிழலான வீடு எல்லாமே குளிர்ச்சியாகத்தான் தெரியும் என்றேன். எனக்கே என் குரல் வகுப்பில் விடை தெரியாமல் சமாளிக்கிற பிள்ளையின் குரல் மாதிரி கேட்டது.

மே 8, திங்கள்

பேச்சித்தாய் வந்தாள். முப்பது வயது இருக்கும். நைட்டி தைத்துப் பிழைக்கிறாள். இடுப்பில் மூன்று வயது மகள். அந்தப் பிள்ளை மூச்சு இழுக்கும்போது விலாவெல்லாம் உள்ளே போகிறது. நெஞ்சில் பூனை கத்துவதுபோல் ஒரு சத்தம்.

"அந்தாளு வந்துட்டாரு டீச்சர்" என்றாள். மழை வந்துவிட்டது என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

கையிலும் கழுத்திலும் பழைய தழும்புகள் இருந்தன. பெட்டி வைத்திருந்தது அவர்கள் வீட்டின் ஒரே அறையில். பிள்ளையை எங்கே படுக்கவைத்தாலும் காலையில் குளிர்ந்து கிடக்கிறதாம். தையல் மிஷினில் எண்ணெய் கட்டிப்போய் சக்கரம் சுற்றவில்லையாம்.

"தினமும் காலையில பெட்டிச் சக்கரம் உருளுத சத்தம் கேக்கும். வாசல்லருந்து உள்ள வரும். அப்புறம் நிக்கும். அவ்வளவுதான். ஒண்ணும் பேசாது, ஒண்ணும் செய்யாது. உசுரோட இருக்கையில அடிச்சாரு, அடிச்ச பெறவாவது தூங்குவாரு. இது அந்த அறைய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது."

பில்லை முதலாளியிடமிருந்து திரும்ப வாங்கி எரித்தும் பார்த்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. பில்லைக் கிழிப்பதால் பில் ரத்தாகாது. அது வகுப்பில் நான் சொல்கிற முதல் பாடம். சந்தையில் வாங்கிய மாட்டின் ரசீதைக் கிழித்துவிட்டால் மாடு விற்றவன் வீட்டுக்கா திரும்பிப் போகும்? பழைய எண்ணைக் குறிப்பிட்டு, 'இதற்குப் பதிலாக' என்று எழுதி, திருத்திய பில் ஒன்று கொடுக்க வேண்டும்.

என் தவறால் ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்பதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அப்போதே போட்டு, மாசானத்திடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன்.

மே 11, வியாழன்

திருத்திய பில் கொடுத்தும் குளிர் போகவில்லை என்று பேச்சித்தாய் திரும்பி வந்தாள். தாளை வாங்கிப் பார்த்தேன். மாசானத்தின் கையெழுத்து இருக்கிறது. 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடம் காலி. வாடிக்கையாளர் கையெழுத்திட்டு வாங்கினால்தான் பழையது செல்லாததாகும். பேனாவைக் கொடுத்தேன். பேச்சித்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள்.

மே 12, வெள்ளி

பேச்சித்தாய் வாசலில் நின்று கத்துகிறாள்: "வேர்க்குது டீச்சர்! எனக்கு வேர்க்குது!" முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து என்னிடம் காட்டினாள். பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்து மடிப்பில் வேர்க்குரு.

மே 16, செவ்வாய்

தாசில்தாரும் திருத்திய பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். "நாப்பது வருசம் அவகிட்ட ஏச்சு வாங்கியாச்சு, இன்னொரு சுத்து தாங்காதுவே" என்றாராம். ஆனால் கையெழுத்துப் போட அரைநாள் எடுத்துக்கொண்டார் என்று மாசானம் சொன்னார். நாற்காலியை மட்டும் அங்கிருந்து எடுக்க விடவில்லையாம்.

"அப்போ ரெண்டு முடிஞ்சிட்டு. இன்னும் ஒண்ணு இருக்குல்லா டீச்சர்?"

"சங்கத்துல குடுத்தாச்சே. அத இப்ப போய் மாத்த முடியாது" என்றேன்.

சாயங்காலம் பேச்சித்தாய் எனக்கென்று ஒரு நைட்டி தைத்துக் கொண்டுவந்தாள். உள்ளே வரச் சொன்னேன். நிலைப்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளையை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்... உங்க வீட்டுலயும்..."

"மரத்து நிழல்."

"உங்க வீட்டுல மரமே இல்லியே டீச்சர்."

மே 17, புதன்

பிரிசியிடம் வெயில் கடுமையாக இருக்கிறது, இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர்த் தட்டுப்பாடு என்றும் சொன்னேன். பிரசவத்துக்கு நானே மஸ்கட் வருகிறேன் என்றேன். எனக்கு பாஸ்போர்ட் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

மே 20, சனி

எழுதிவிடுகிறேன்.

முற்பகலில் வாசல் கேட் சத்தம் கேட்கும். அப்புறம் டைல்ஸ்மேல் சின்னச் சக்கரங்கள் உருளும். நான் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு ஹாலுக்கு வருவேன். சக்கரம் நிற்கிற இடத்தில் தரை வெளிறும். ஷோகேஸ் கண்ணாடியில் பனி படரும். ஏப்ரலிலேயே டீப்பாயை அங்கிருந்து நகர்த்தி வைத்துவிட்டேன்; ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பிரிசி ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் பாய் விரித்து உட்கார்வேன். கறிவேப்பிலை விலை, எதிர்வீட்டுச் சண்டை, கோயில் தேர்தல் எல்லாம் சொல்வேன். இவர் எப்போதும் அதிகம் பேசாதவர். பேசாமல் இருப்பது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

பேச்சித்தாய் வீட்டுக்கு வந்தவன் அடிக்கிறவன். இங்கே வந்திருப்பவர் யாரையும் ஒரு சொல் சொல்லாதவர். இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட முடியாது.

மே 22, திங்கள்

நகங்கள் நீலமாக இருக்கின்றன. கையெழுத்து கோணுகிறது.

மே 24, புதன்

பிரிசி நான் சொன்னதைக் கேட்காமல் ஞாயிறு இரவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். "நான் வாரதுல உனக்கு என்னம்மா கஷ்டம்? அப்பா இல்லன்னதும் நானும் வேண்டாமா?" என்று அழுதாள்.  பேச்சித்தாய் மகளின் விலா உள்ளே போய்ப் போய் வருவதுதான் கண்ணில் நின்றது. இந்த ஹாலில் ஒரு தொட்டில் கட்ட முடியாது. ஆனால் தொட்டிலுக்காக இவரைப் போகச் சொல்லவும் வாய் வரவில்லை.

மாசானத்தைக் கூப்பிட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. அவர் நேராக உள்ளே வந்து, ஹாலின் நடுவில் அந்த வெளிறிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, செருப்பில்லாத காலோடு நின்றார். அவர் வாயிலிருந்து புகை வந்தது.

"எப்பிடி டீச்சர் இதுல இருக்கீய?"

"பழகிட்டு."

"உங்களுக்குப் பழகிருக்கும்." வெளிறிய தரையைக் காட்டினார். "சாருக்குக் குளிரு ஆகாதுல்லா?"

"யாரு சொன்னது?"

"நீங்கதான் டீச்சர். அன்னைக்கு நான் மூடியச் சாத்தப் போறேன், நீங்க ஓடி வந்து 'சூட்டக் கொஞ்சம் கூட்டி வைங்க, அவுகளுக்குக் குளிரு ஆகாது'ன்னீய. இதுக்கு மேல கூட்டுனா கெட்டுரும்னேன். உள்ள போயி ஒரு கம்பளிய எடுத்துட்டு வந்து நெஞ்சு வரைக்கும் போத்திவிட்டீய. அத்தன பேரும் அழுதாவ. நான் எத்தனையோ வீடு பாத்திருக்கேன், பெட்டிக்குள்ள கம்பளி போத்துனது நீங்க ஒரு ஆளுதான்."

எனக்கு அது நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. ஆனால் அவர் சொன்னதும் கம்பளியின் கரகரப்பு விரல்களில் வந்தது.

மார்கழி என்றால் காதில் மஃப்ளர் கட்டாமல் தெருவில் இறங்க மாட்டார். மண்பானைத் தண்ணீர்கூட அவருக்குப் பல் கூசும். அந்த மனுஷனை, தினமும் காலையில் வாசலிலிருந்து ஐஸில் வைத்து உருட்டிக்கொண்டுவரச் செய்து, பக்கத்தில் நான் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் குளிர்கிறதா என்று பார்த்தேன். பிரிசிக்கு, பிறக்கப்போகிற பிள்ளைக்குக் குளிருமா என்று பார்த்தேன். அவருக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை.

"மாசானம், சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றேன்.

மே 27, சனி

செயலியில் 001ஐத் திறந்தேன். திறந்ததும் கை நின்றுவிட்டது.

மற்ற இரண்டு பில்லிலும் வாடிக்கையாளர் உயிரோடு இருப்பவர். இதில் 'வாடிக்கையாளர்: திரு. ஞா. தேவசகாயம்' என்று இவருடைய பெயரே இருக்கிறது. உதவித்தொகை உறுப்பினருக்கு உரியது, அதனால் பில் உறுப்பினர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று சங்கத்து எழுத்தர் சொல்லியிருந்தார். அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். பெட்டியில் இருந்தவரே பெட்டியை வாடகைக்கு எடுத்ததாக!

'பெற்றுக்கொண்டவர்' இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். நான் போட்டால் செல்லாது. பெயரை மாற்றி என் பெயரில் போடலாமா என்று யோசித்தேன். அது வேறொரு ஆளுக்கு வேறொரு பில் ஆகிவிடும். 001 அப்படியே நிற்கும்.

திருத்திய பில்லை அச்சடித்தேன். கடைசி வரியில் 'தொகை பெறப்பட்டது' என்று அடித்தேன். மாசானம் வந்து தன் இடத்தில் கையெழுத்திட்டார். காலியாக இருந்த மற்ற இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாரு போடுவாவளா டீச்சர்?"

"எந்தத் தாளையும் வாசிக்காம கையெழுத்துப் போடமாட்டாங்க. நாம வச்சுப் பாப்போம்."

அவர் கிளம்பும்போது வாசல்வரை போனேன். 'வாரேன்' என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

மே 28, ஞாயிறு

காலை ஆராதனைக்குக் கிளம்புமுன் பில்லையும் பேனாவையும் வெளிறிய இடத்தின் ஓரத்தில் வைத்தேன். காற்றில் பறக்காமலிருக்க மேலே அவருடைய மூக்குக்கண்ணாடியை வைத்தேன். கண்ணாடி இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது. "இது நான் செஞ்ச தப்பு. உங்களுக்கு எவ்வளவு குளிரியிருக்கும்" என்றேன். அதற்கு மேல் பேச நினைத்திருந்தது எதுவும் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். தெருமுனை வரை கழுத்து திரும்பத் துடித்தது. திரும்பவில்லை.

பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெயில் ஏறிய பிறகு திரும்பினேன். பூட்டு கையைச் சுட்டது. கதவைத் திறந்தபோது உள்ளிருந்து ஒரு வெப்பம், மூடிக்கிடந்த வகுப்பறையை விடுமுறைக்குப் பின் திறந்ததுபோல், முகத்தில் வந்து அடித்தது. ஷோகேஸ் கண்ணாடியில் பனி இல்லை. தரை காய்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. நான் அதை விரித்துத்தான் வைத்தேன்.

தாள் நனைந்து உலர்ந்து மொடமொடவென்று இருந்தது. 'பெற்றுக்கொண்டவர்' இடத்தில் அவருடைய கையெழுத்து. கடைசி எழுத்து மட்டும் விறைத்த கையால் போட்டதுபோல் கொஞ்சம் இழுபட்டிருந்தது. எந்தக் கையெழுத்துக்குக் கீழும் தேதி போடாமல் விடமாட்டார், இதற்கும் போட்டிருந்தார்.

இன்றைய தேதி இல்லை. மார்ச்சில் அவர் இறந்த நாளின் தேதி.

அதன்பிறகு வந்த காலைகளை, சக்கரம் உருண்டதை, பாயை, நான் பேசிய பேச்சையெல்லாம் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அப்படியானால் இத்தனை நாள் இங்கே வந்து கிடந்தது யார்? தாளை மடித்து அவருடைய கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். முதுகில் வேர்வை கோடாக இறங்கியது.

பிரிசி விமான நிலையத்திலிருந்து பேசினாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"கடைசியாக் கேக்கேன்மா. வரட்டுமா, வேண்டாமா?"

"வா" என்றேன். "வீடு கொதிக்குது பிரிசி. பருத்திச் சேலையா எடுத்துட்டு வா."